ஆற்றங்கரையில் இரு அன்னையர்: லாசா தெ சேலாவின் பாடல் வழி

பாடுகிறவரின் மொழி கேட்கிறவருக்குத் தெரியாதபோது அங்கே நிகழ்வது பாட்டா, வெறும் ஓசையா என்பது பழைய கேள்வி. சொல்லின்றிப் பொருளில்லை என்பர் ஒரு சாரார். குரலே பொருள், சொல் அதன்மீது போர்த்திய ஆடை என்பர் மறு சாரார். இவ்விரு கட்சிகளுக்கும் இடையே நின்று சிந்திக்க விழைவோருக்கு, 1997 முதல் 2009 வரை மூன்றே மூன்று இசைத்தொகுப்புகளை உருவாக்கிவிட்டு 37ஆம் வயதில் மறைந்த லாசா தெ சேலா என்னும் பாடகியின் வாழ்வும் பாடல்களும் நல்ல துணையாகும்.

அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 'பல பண்பாடுகளின் கலவை' என்ற சொற்றொடரோடு தொடங்குவர். அச்சொற்றொடர் அவருக்குப் பொருந்தாது என்பதே நம் கருத்து. கலவையில் எப்பொருளும் தன் சுவையை இழந்து பொதுச் சுவையில் கரைந்துபோகும். லாசாவின் பாடல்களில் எதுவும் கரைவதில்லை. ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு துயரமும் தன் உருவோடு தனித்தே நிற்கிறது. அவரைக் கலவைக்காரர் என்பதைவிட வழிநடைக்காரர் என்பதே தகும்.

1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் பிக் இண்டியன் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை மெக்சிக்கோ நாட்டவர், எழுத்தாளர், ஆசிரியர். தாய் அமெரிக்கர், நிழற்படக் கலைஞர். பிறந்து ஐந்து மாதங்கள்வரை குழந்தைக்குப் பெயரே இல்லை. திபெத்தைப் பற்றிய நூலொன்றை வாசித்துக்கொண்டிருந்த தாய், அதன் தலைநகரின் பெயரைக் கண்டு, 'இதுவே என் மகளின் பெயர்' என்று முடிவு செய்தாராம். பின்னர் அக்குடும்பம், வீடாக மாற்றப்பட்ட பள்ளிப் பேருந்து ஒன்றில் அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் அலைந்தது. பேருந்தில் தொலைக்காட்சி இல்லை, புத்தகங்கள் இருந்தன. மாலைதோறும் பிள்ளைகள் தாமே நாடகம் நடித்தும் பாடியும் பொழுது போக்கினர். இந்த அலைச்சலைக் காவியமாக்கிக் காண்பது எளிது. ஆனால் நிலையான பள்ளியும் நிலையான தெருவும் நிலையான தோழியரும் இல்லாத குழந்தைப் பருவம் அது என்பதையும் மறத்தலாகாது. பின்னாளில் அவர் குரலில் நாம் கேட்கும் தனிமை எங்கிருந்து வந்தது என்று அதிகம் தேட வேண்டியதில்லை.

13ஆம் வயதில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு கிரேக்கக் காபிக் கடையில் பாடத் தொடங்கினார். பில்லி ஹாலிடேயின் பாடல்களும் மெக்சிக்கோவின் பழைய பாடல்களும் அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயின. 1991இல், சர்க்கஸ் கலை பயின்றுவந்த சகோதரியரைக் காண மாண்ட்ரியல் நகருக்குச் சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். ஈவ் தெரோசியே என்ற கித்தார் கலைஞரோடு சேர்ந்து ஐந்தாண்டுகள் அந்நகரின் மதுச்சாலைகளில் பாடினார். குடிப்போரின் இரைச்சலுக்கு நடுவே, கேட்போருக்குத் தெரியாத ஸ்பானிய மொழியில் பாடி அவர்களை அமைதிப்படுத்தக் கற்றதே அவர் பெற்ற பயிற்சி.

அந்நாளைய மாண்ட்ரியலின் நிலையை இங்கு எண்ணிப் பார்ப்பது பயனுடையது. கனடா நாடு 1971இலேயே பன்பாட்டுக் கொள்கையை அறிவித்து, 1988இல் அதனைச் சட்டமாகவும் ஆக்கியிருந்தது. ஆனால் கியூபெக் மாநிலத்தில் மொழிப் பூசல் ஓயவில்லை. 1995 அக்டோபரில் நடந்த பொது வாக்கெடுப்பில், கனடாவை விட்டுப் பிரியும் கோரிக்கை ஒரு விழுக்காட்டுக்கும் சற்றே மிகுந்த வேறுபாட்டில்தான் தோற்றது. பிரெஞ்சா, ஆங்கிலமா என்று ஒரு சமூகமே இரண்டாகப் பிரிந்து நின்ற அவ்வேளையில், இரண்டும் அல்லாத மொழியில் முழுத் தொகுப்பு ஒன்று 1997இல் அந்நகரின் ஆடியோகிராம் என்ற சுயாதீன நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அதுவே 'லா யோரோனா'. சமரசம் பேச அவர் முன்வரவில்லை. தம் தந்தையின் மொழியில் பாடினார், அவ்வளவே. ஆயினும் பூசலின் இரு கரையில் இருந்தோரும் அதனை விரும்பி வாங்கினர். ஒருவர் மொழியை மற்றவர்மேல் சுமத்தாத இடத்தில் இருவரும் சேர்ந்து அமர முடிந்தது போலும்!

'லா யோரோனா' என்றால் 'அழுகிறவள்' என்று பொருள். மெக்சிக்கோவில் இக்கதையை அறியாத குழந்தை இல்லை. கணவனால் கைவிடப்பட்ட ஒருத்தி, வெறி மிகுந்து தன் மக்களை ஆற்றில் அமிழ்த்திவிடுகிறாள். பின்பு செய்ததை உணர்ந்து, செத்தும் அமைதி பெறாமல், இரவுதோறும் ஆற்றங்கரையில் அவர்களைத் தேடி அழுகிறாள். கதையின் வேர் இன்னும் ஆழமானது. 1529இல் மெக்சிக்கோ சென்ற பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்தினோ தெ சாகூன், அம்மண்ணின் முதியோரிடம் கேட்டறிந்தவற்றை நாவாட்டில் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் அடுத்தடுத்த பத்திகளில் எழுதி, 12 நூல்களாகத் தொகுத்தார். ஸ்பானியர் வருமுன் கண்ட தீக்குறிகளுள் ஒன்றாக, இரவில் தன் மக்களை எண்ணி அழுதுகொண்டே செல்லும் ஒரு பெண்ணின் குரலை அம்முதியோர் குறிப்பிட்டனர். 1521இல் தெனோச்தித்லான் நகர் வீழ்ந்தது. ஆகவே யோரோனா ஒரு தாய் மட்டுமல்லள். தன் மக்களைக் காக்க இயலாமற்போன ஒரு நாட்டின் குரலும் அவளே. தன் மக்களுக்காக அழுது ஆறுதல் பெற மறுத்த இராகேலை எரேமியாவும் மத்தேயுவும் காட்டுவதை நம் வாசகர் இங்கு நினைவுகூரலாம்.

இப்பெயரில் ஒரு புகழ்பெற்ற நாட்டுப்பாடல் உண்டு. சவேலா வர்காஸ் பாடி உலகம் அறிந்தது அது. லாசா தம் தொகுப்பில் அப்பாடலைச் சேர்க்கவே இல்லை. பெயரை மட்டும் வாயிலில் எழுதிவைத்து, உள்ளே பதினொரு பாடல்களை அமைத்தார். அவற்றுள் அவரும் தெரோசியேயும் சேர்ந்து ஆக்கியவை உண்டு. பழைய பாடல்களும் உண்டு. ஓர் அடிமையின் புலம்பலான 'எல் பயாந்தே' என்ற கொலம்பியப் பாடல் அவற்றுள் ஒன்று. 'ஃப்ளோரிகாந்தோ' என்றொரு பாடலின் தலைப்பே 'பூவும் பாட்டும்' என்று பொருள்படும். பழைய நாவாட்டில் மொழியில் கவிதைக்கு அவ்விரட்டைச் சொல்லே பெயர்.

தொகுப்பின் நடுவில், ஆறாவதாக, நாம் சற்றும் எதிர்பாராத ஒரு பாடல் வருகிறது. 'லோஸ் பேசெஸ்', அதாவது 'மீன்கள்'. ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளிலெல்லாம் கிறிஸ்து பிறப்பு விழாவில் சிறுவர் பாடும் பழம்பாடல் இது. கன்னி மரியா ஆற்றங்கரையில் இருக்கிறார். குழந்தையின் துணிகளைத் துவைத்து ரோஸ்மேரிச் செடியின்மேல் உலர்த்துகிறார். மீன்களோ கடவுள் பிறந்ததைக் கண்ட மகிழ்ச்சியில் ஆற்றுநீரைப் பருகிக்கொண்டே இருக்கின்றன. விழாக்காலக் கும்மாளத்தோடு பாடப்பெறும் இப்பாடலை லாசா தம் தாழ்ந்த, சற்றே கரகரத்த குரலில் பாடும்போது, மகிழ்ச்சிக்கு அடியில் ஏதோ ஒன்று நடுங்குவதை உணர்கிறோம்.

இந்தத் தொகுப்பின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்பது நம் துணிபு. ஆற்றங்கரையில் ஒரு தாய் தன் குழந்தையின் துணிகளைத் துவைக்கிறாள். அதே ஆற்றங்கரையில் வேறொரு தாய் தன் குழந்தைகளைத் தேடி அழுகிறாள். ஒருத்திக்குத் தாலாட்டு, மற்றவளுக்கு ஒப்பாரி. ஒருத்தியைப் பீடத்தில் வைத்து வணங்குகிறோம். மற்றவளை இருட்டில் விட்டு, பிள்ளைகளை அச்சுறுத்தப் பயன்படுத்துகிறோம். லாசா இருவரையும் ஒரே தட்டில், ஒரே குரலில் பாடிவிட்டார். இவ்வாறு இணைப்பது அவர் நோக்கமா, தற்செயலா என்பதைப் பாடல்களிலிருந்து நாம் உறுதிசெய்ய இயலாது. ஆனால் பாடல் அவ்வாறு நிற்கிறது; கேட்கிறவர் அதனைத் தவிர்க்க இயலாது.

பங்குப் பணியில் உள்ளோருக்கு இது கலை நயம் பற்றிய செய்தி மட்டுமன்று. குழந்தையை இழந்த தாயைத் தேற்ற நம்மிடம் சொற்கள் உண்டு. வியாகுல அன்னையின் உருவமும் உண்டு. தன் தவற்றினாலேயே குழந்தையை இழந்தவளுக்கு என்ன சொல்லப்போகிறோம்? அவள் கோவிலின் கடைசி வரிசையிலும் அமரத் துணிவதில்லை. அவளுடைய அழுகை செபமாகக் கருதப்படுவதும் இல்லை. லாசாவின் பாடல்கள் அவளுக்கு மன்னிப்பு அளிப்பதாக நாம் சொல்ல மாட்டோம். அது பாடகரின் பணியன்று. அவளுக்கு ஓர் இடம் அளிக்கின்றன. மன்னிப்புக்கு முன்னே தேவைப்படுவது அதுவே அல்லவா?

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் தொகுப்பில் துயரம் சில இடங்களில் மேடை உடையாக மாறிவிடுகிறது. மழையோசையும் வயலின் இழைப்பும் கேட்போரை உடனே உருக்கும் உத்திகள். உத்தி என்று தெரிந்துவிட்டால் உருக்கம் குறையும். தந்தையின் நாட்டைத் தொலைவிலிருந்து காணும் மகளின் மெக்சிக்கோ அது. அங்கே ஏக்கம் இருக்கிறது. அன்றாட வாழ்வு குறைவு. பழைய பாடல்களைக் கையாளும்போது இருக்கும் உறுதி அவரே புனைந்தவற்றில் எங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. எனினும் ஓர் இளம்பெண்ணின் முதல் முயற்சியில் இத்தனை கனம் இருப்பது அரிது.

தொகுப்புக்கு 1997இல் கியூபெக்கின் ஃபெலிக்ஸ் விருதும், 1998இல் கனடாவின் ஜூனோ விருதும் கிடைத்தன. முன்னது 'உலக இசை'ப் பிரிவில், பின்னது 'உலகத் தொகுப்பு' என்ற பிரிவில். மாண்ட்ரியலில் வாழ்ந்து, மாண்ட்ரியலில் பாடி, மாண்ட்ரியலில் பதிவு செய்த ஒருவரின் பாடல் எவ்வாறு 'உலக'ப் பாடல் ஆயிற்று? 'உலக இசை' என்ற பெயர், 1987இல் இலண்டனில் சில இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, கடைகளில் தட்டு அடுக்கும் வசதிக்காக முடிவு செய்த பெயர் என்பதை அறிந்தால் வியப்பு நீங்கும். அது வணிகரின் அலமாரிப் பெயர். ஆங்கிலமும் பிரெஞ்சும் வீட்டு மக்கள், பிற மொழியெல்லாம் விருந்தாளி என்ற எண்ணம் அதன் அடியில் உறைகிறது. விருந்தாளிக்கு மாலை உண்டு, வீட்டுச் சாவி இல்லை. பன்பாட்டை அறிவிக்கும் சட்டங்களும் இச்சோதனைக்கு உட்பட்டவையே.

விருதுகளும் பயணங்களும் பெருகிவந்த வேளையில் லாசா செய்த செயலைப் புகழின் கணக்கு அறிந்தோர் புரிந்துகொள்ள மாட்டார்கள். 1999இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிரான்சு நாட்டுக்குச் சென்று, சகோதரியர் பணியாற்றிய சிறு சர்க்கஸ் குழுவில் சேர்ந்துகொண்டார். கூடாரம் அடித்து, வண்டியில் வாழ்ந்து, ஊர் ஊராகச் சென்றார். பின் மார்சேய் துறைமுக நகரில் தங்கிப் புதிய பாடல்களை எழுதலானார். இரண்டாம் தொகுப்பு 2003இல்தான் வந்தது. சுயாதீனப் பாடகர் என்ற சொல்லைப் பெரிய நிறுவனத்தோடு உடன்படிக்கை இல்லாதவர் என்ற அளவில் இன்று பயன்படுத்துகிறோம். தன் வெற்றிக்கும் அடிமையாகாதவர் என்பதே அச்சொல்லின் நிறைபொருள் என்பதை இந்த ஆறாண்டு இடைவெளி உணர்த்துகிறது.

அத்தொகுப்பின் பெயர் 'தி லிவிங் ரோடு', உயிருள்ள சாலை. இதில் பன்னிரண்டு பாடல்கள்: ஐந்து ஸ்பானிய மொழியில், நான்கு ஆங்கிலத்தில், மூன்று பிரெஞ்சில். ஒரே பாட்டுக்குள் மும்மொழிகளையும் கலந்து வித்தை காட்டியிருக்கலாம்; அவர் அவ்வாறு செய்யவில்லை. ஒவ்வொரு பாடலும் தன் மொழிக்குள் முழுமையாக நின்று, முடிந்து, அடுத்ததற்கு வழிவிடுகிறது. முன்னர் நாம் கலவை என்ற சொல்லை மறுத்ததற்கு இதுவே தலையாய சான்று. பெந்தகோஸ்து நாளில் திருத்தூதர் பேச, கூடியிருந்தோர் தத்தம் மொழியில் கேட்டனர் என்று படிக்கிறோம். மொழிகள் ஒன்றாகிவிடவில்லை, ஒவ்வொன்றும் கேட்கப்பட்டது. பாபேலுக்கு மாற்று ஒரே மொழி அன்று என்பதை இறையியல் மாணவர் அறிவர். இசையில் அதனை அறிய இத்தொகுப்பைக் கேட்கலாம்.

இதில் 'லா கோன்ஃபெஸ்யோன்' என்ற பிரெஞ்சுப் பாடல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஒப்புரவு அருட்சாதனத்தை நினைவூட்டும் தலைப்பு. ஆனால் இங்கே குருவும் இல்லை, திரையும் இல்லை. காதலனுக்குத் துரோகம் செய்தவள் பேசுகிறாள். பெரும் வேட்கையால் அவள் தவறவில்லை. சோம்பலாலும் மனச்சோர்வாலும் தவறினாள். தன்னைக் குற்றவாளி என்று உணர்வதே தனக்குப் பழக்கமாகிவிட்டதையும் மெல்லிய நகையோடு ஒத்துக்கொள்கிறாள். குற்ற உணர்வு வேறு, மனமாற்றம் வேறு. முன்னதை ஒருவர் வாழ்நாள் முழுதும் சுகமாகச் சுமந்து திரியலாம். ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து கேட்டுப் பழகியோர் இதன் உண்மையை மறுக்க மாட்டார்கள். நீண்ட மறையுரையில் விளக்க வேண்டிய ஒன்றை நான்கு நிமிடப் பாடலில் அவர் காட்டிவிட்டார்.

2005இல் பி.பி.சி. வானொலி, அமெரிக்கக் கண்டங்களின் சிறந்த கலைஞர் என்று அவரைத் தேர்ந்தது. 2009இல் மூன்றாம் தொகுப்பு வெளிவந்தது. அதற்குத் தம் பெயரையே சூட்டினார்: 'லாசா'. பாடல்கள் முழுவதும் ஆங்கிலம். தயாரிப்பும் அவரே. கணினி ஒட்டுவேலை இன்றி, இசைக்கலைஞர் ஓர் அறையில் கூடி வாசிக்க, பழைய முறையில் நாடாவில் பதிவு செய்தார். முதல் தொகுப்பின் மழையும் மேடை விளக்கும் இங்கில்லை. யாழ் போன்ற ஹார்ப்பின் நரம்பொலி, கித்தார், அடங்கிய தாளம், அக்குரல் ஆகியவையே எஞ்சியுள்ளன. ஆங்கிலத்துக்குத் திரும்பியதைச் சந்தைக்குப் பணிந்ததாகக் கருதுவோர் இருக்கலாம். சந்தைக்குப் பணிகிறவர் குரலைத் தாழ்த்திக்கொள்வதில்லை. தந்தையின் மொழி அவருக்கு ஏக்கத்தின் மொழி. பிரெஞ்சு, குடியேறிய நகரின் மொழி. ஆங்கிலமோ ஒப்பனையின்றிப் பேசும் தாயின் மொழி. வெளியே சுற்றி வந்தவர் வீடு திரும்புகிறார். எல்லாப் பாடல்களும் ஏறத்தாழ ஒரே நிதானத்தில் செல்வதால் தொகுப்பின் நடுப்பகுதி சற்றுத் தளர்கிறது என்பது உண்மையே. ஆயினும் இதில் 'நிலத்தில் ஒரு மீன்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பாடல் இருப்பதைக் காணும்போது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆற்றுநீரைப் பருகி மகிழ்ந்த மீன்கள் நம் நினைவில் எழுவதைத் தடுக்க முடியவில்லை.

2008இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது. 2009இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் பாடினார். அந்நிகழ்ச்சியின் பதிவு 2017இல் வெளிவந்தது. பின்னர்த் திட்டமிட்டிருந்த பயணங்களை நோயின் காரணமாகக் கைவிட நேர்ந்தது. 2010ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இரவு மாண்ட்ரியலில் தம் இல்லத்தில் உயிர்நீத்தார். அவர் சென்றபின் அந்நகரில் 40 மணி நேரத்துக்கும் மேலாகப் பனி பெய்தது என்று மறைவு அறிவிப்பு குறித்தது. 2014இல் அங்கு ஒரு பூங்காவுக்கு அவர் பெயர் இடப்பட்டது. அவர் மறைந்த நாள், திரு அவை மரியாவை இறைவனின் தாய் என்று கொண்டாடும் நாள். நாட்பொருத்தங்களைக் கொண்டு புதுமைகளைக் கட்டுவது நம் வழக்கமன்று. எனினும் இரு அன்னையரைப் பாடியவரை எண்ணும்போது இந்நாளையும் எண்ணிக்கொள்கிறோம்.

இரண்டாம் தொகுப்பின் இறுதிப் பாடலைப் பாடுமுன் லாசா மேடையில் ஒரு சிந்தனையைச் சொல்வதுண்டு. அது தம் தந்தை கற்பித்தது என்பார். தாயின் வயிற்றில் நாம் சிறு ஒளியாகத் தோன்றுகிறோம். சுற்றிலும் எல்லையற்ற வெளி. வளர வளர அவ்வெளியின் சுவர்கள் உடலில் படுகின்றன. அப்பாலிருந்து மங்கலான ஒலிகள் கேட்கின்றன. ஒருநாள் இடம் போதாமற்போகிறது; எல்லாம் இடிந்து விழுகிறது; இறந்தோம் என்று எண்ணுகிறோம். அதைத்தான் மற்றவர் பிறப்பு என்கின்றனர். இவ்வுலகமும் அவ்வாறே ஒருநாள் நமக்குச் சிறிதாகிவிடும். மறைசாட்சியரின் இறந்த நாளைத் தொடக்கத் திரு அவை அவர்களின் பிறந்தநாள் என்றே அழைத்தது என்பதை அறிந்த நமக்கு இச்சிந்தனை அந்நியமன்று.

அதற்காக லாசாவை நம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் உரிமை நமக்கு வந்துவிடாது. அவர் தம்மை நம்பிக்கையாளர் என்று அறிவித்துக்கொண்டு பாடியவர் அல்லர். கிறிஸ்து பிறப்புப் பாடலொன்றைப் பாடியதாலும், கருவறை உவமையைச் சொன்னதாலும் அவருக்கு ஞானப்பெயர் சூட்ட முனைவது, வணிகர் அவரை 'உலக இசை' அலமாரியில் வைத்ததற்கு ஒப்பான வன்செயலே. நம் அலமாரி புனிதமானது என்பதால் அது நியாயமாகிவிடாது. அவரைக் கேட்கலாம்; கேட்டுக் கற்கலாம். அதுவே போதும்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது ஒருவாறு விடை கூறலாம். மாண்ட்ரியலின் மதுச்சாலையில் ஸ்பானிய மொழி அறியாதோர் அமைதியாகிக் கேட்டபோது, அவர்களுக்குச் சொற்பொருள் கிட்டவில்லை. ஆனால் சொல் தெரிந்த ஒருவர், பொருள் உணர்ந்து, பொய்யின்றிப் பாடுகிறார் என்பது கிட்டிற்று. பாடுகிறவர் தம் சொல்லுக்கு உண்மையாய் இருந்தால், அச்சொல்லை அறியாதவரும் அந்த உண்மையில் பங்கு பெறுகிறார். வழிபாட்டில் சொற்களை நன்கு அறிந்தும் பொருளின்றிப் பாடிவிட்டுப் போகும் நம்மை இது சற்றே சுடவேண்டும். வாய்ப்புள்ளோர் முதல் தொகுப்பின் ஆறாம் பாடலில் தொடங்கிக் கேட்கட்டும். மரியா துணி உலர்த்தும் அக்கரையில், சற்றுத் தள்ளி இருட்டில், இன்னொருத்தியும் நிற்கிறாள். அவளுக்கும் காதுகொடுக்கும் மனம் நமக்கு வாய்ப்பதாக.